இராத்திரிக் கடைத் தெருக்களில் குடியிருந்தும் வேலை பார்த்தும் கண்டவை

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் குடியிருப்பவர்:

எங்கள் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே இட்லி, முட்டைத் தோசை போடும் தள்ளுவண்டி. சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தால் நடுராத்திரி தாண்டித்தான் எடுத்து வைப்பார்கள். மூட்டை தூக்குபவர்கள், லாரி டிரைவர்கள், கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் எல்லோருக்கும் அங்கேதான் சாப்பாடு. அந்த வண்டி போகட்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எங்களை வாட்டியது பத்து மணிக்கு மேலும் அலறிய ஸ்பீக்கரும், குறுக்கே நிறுத்திய பைக்குகளும், சந்துச் சுவரை நனைத்துவிட்டுப் போனவர்களும்தான்.

தெருக்காரர்கள் நாலைந்து பேர் வண்டிக்கார அக்காவிடம் போய்ப் பேசினோம். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன என்றேன். "பாட்டு எனக்கு எதுக்கு தம்பி? அது ஜூஸ் கடைக்காரர் போடுறது. நானே சொல்றேன்" என்றார். அன்றைக்கே சத்தம் நின்றது. எச்சில் இலைக்கும் முட்டை ஓட்டுக்கும் தனி வாளி வைத்தார்.

ஆனால் கழிப்பறைக்கு அவர் என்ன செய்வார்? ராத்திரி அத்தனை பேர் சாப்பிடும் தெருவில் திறந்த கழிப்பறை ஒன்றுகூட இல்லாவிட்டால் சுவர் நாறத்தான் செய்யும். தானே சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று அக்கா சொன்னபோது எங்கள் யாருக்கும் பேச்சு வரவில்லை. இப்போது கீழ்ப் போர்ஷன் கழிப்பறைச் சாவி அவரிடம் இருக்கிறது. சாப்பிட வருகிறவர்களுக்கு இன்னும் வழி இல்லை.

மாட்டுத்தாவணி அருகே ராத்திரி ஷிப்டில் பில் போடும் பெண்:

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள், நிறுவனங்கள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு ஆணை போட்டது. 2022-ல் அதை நீட்டித்தார்கள். இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்தால் எழுத்துப்பூர்வச் சம்மதம், பாதுகாப்பு, போய்வர வண்டி எல்லாம் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. எங்கள் கடையில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். பெண்கள் சேர்ந்து ஆணையை அச்செடுத்துக் காட்டிய பிறகுதான் வேன் வந்தது.

பக்கத்துத் தள்ளுவண்டிகளுக்கு இந்த ஆணை பொருந்தாது. ரோந்து வந்தால் எங்கள் ஷட்டர் திறந்தே இருக்கும், அவர்கள் மட்டும் அடுப்பை அணைக்க வேண்டும். அப்புறம் அந்த இடமே இருட்டாகிவிடும். வேனுக்காக நிற்கும்போது எனக்குத் தைரியம் தருவது அந்த வண்டிகளின் வெளிச்சமும் பரோட்டா கொத்தும் சத்தமும்தான். அவற்றை மூடிவிட்டுப் பெண்கள் பாதுகாப்பு என்று பேசுவது எனக்குப் புரியவே இல்லை.

இந்தூரில் வேலை பார்த்துத் திரும்பியவர்:

அங்கே சராஃபா பஜார் பகலில் நகைக்கடைத் தெரு. ஷட்டர்கள் இறங்கியதும் அதே வாசல்களில் சாப்பாட்டுக் கடைகள் வரும், நடுராத்திரி தாண்டியும் கூட்டம் குறையாது. நம் ஊருக்கும் இது புதிதில்லை, சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியே நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகச் சந்தை காட்டுகிறது. தெற்காவணி மூல வீதியின் நகைக்கடைகளைப் பார்க்கும்போதெல்லாம் இங்கேயும் செய்யலாமே என்று தோன்றும்.

2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒரே இடத்தை நேரம் பங்கிட்டுப் பயன்படுத்த இடம் தருகிறது. எங்கே கடை போடலாம் என்பதில் கருத்துச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதை நான் சொன்னபோது தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பயந்தார். அந்தப் பயம் நியாயம். தீயணைப்பு வண்டி நுழைய வழி விட்டு, எத்தனை வண்டி நிற்கலாம் என்று முதலில் தெருவை அளந்து பார்க்க வேண்டும். அந்த அளவெடுப்பில் வியாபாரிகளும் கடைக்காரர்களும் கூடவே நிற்கட்டும்.