ஆடிக்காத்துல வால் ஆட்டின கேம்பர்: பிரேக் கன்ட்ரோலர் அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

அம்பாசமுத்திரத்துக்காரர்:

எல்லாருக்கும் வணக்கம். நடந்ததை முதல்ல சொல்லிடுதேன், கேள்வி பிறகு.

போன வருசம் ஒரு கேம்பர், அதாவது ஜீப்புக்குப் பின்னால இழுத்துட்டுப் போற டிரெய்லர் வீடு, கட்டினேன். ஒத்தை அச்சு, நாலு பேர் படுக்கலாம், பின்பக்கம் அடுப்படி, அதுக்குக் கீழ 100 லிட்டர் தண்ணித் தொட்டி. சாமானோட எடைமேடையில ஏத்தினா 1,100 கிலோ. இழுக்கிறது டீசல் ஜீப்பு. கேம்பருக்குன்னு தனி பிரேக் இல்ல. ஜீப்பு பிரேக்கே தாங்கும்னு கட்டிக்கொடுத்தவர் சொன்னார், நானும் நம்பிட்டேன்.

ஆடி மாசம் பிள்ளைகளோட கன்னியாகுமரிக்குப் போனோம். வள்ளியூர் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. பணகுடி தாண்டவும் வலப்பக்கம் இருந்து காத்து அறையுது. 75ல போறேன். ஒரு கன்டெய்னர் லாரி வலப்பக்கமா முந்திச்சு. அது பக்கத்துல வந்ததும் காத்து சட்டுனு நின்னுபோச்சு. லாரி கடந்ததும் மொத்தக் காத்தும் திரும்ப வந்து மோதிச்சு. அப்ப கேம்பர் வால் ஆட்ட ஆரம்பிச்சது. ஒரு தடவை இடது கண்ணாடியில முழுசாத் தெரியுது, அடுத்த நொடி வலது கண்ணாடியில. பதறிப்போய் பிரேக்கை மிதிச்சேன். ஆட்டம் கூடிப்போச்சு. காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சு, எப்படியோ காவல்கிணறு வர்றதுக்குள்ள ஓரம் கட்டினேன். பின்சீட்ல இருந்த சின்னவ என் சட்டைக் காலரைப் பிடிச்ச கையை ரொம்ப நேரம் விடல.

இப்ப கரண்ட் பிரேக் உள்ள அச்சு மாத்தப்போறேன். ஜீப்புல இருந்து அந்த பிரேக்குக்குக் கரண்ட் அனுப்புற பெட்டி, அதான் கன்ட்ரோலர், எது வாங்கணும்? விலை கம்மியா 'டைம் டிலே'ன்னு ஒண்ணு இருக்கு, 'புரோபோர்ஷனல்'னு ஒண்ணு ரெண்டு மடங்கு சொல்லுதாங்க. வித்தியாசம் பட்டவங்க சொல்லுங்க.

வள்ளியூர்க்காரர்:

தம்பி, பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகல, அதுவே பெரிய விசயம். நான் அடிலெய்டுல 11 வருசம் இருந்துட்டு ஊருக்கு வந்தவன். அங்க 750 கிலோவுக்கு மேல போனாலே டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2,000 கிலோ தாண்டினா எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், கூடவே டிரெய்லர் அறுந்துபோனா தானாப் பிடிக்கிற ஏற்பாடும் வேணும். உங்க 1,100 கிலோவைப் பிரேக் இல்லாம அங்க ரோட்டுல இறக்கவே முடியாது.

ரெண்டு வகையும் நான் வச்சிருந்தேன். டைம் டிலே பெட்டிக்கு நீங்க எவ்வளவு வேகமா மிதிச்சீங்கன்னு தெரியாது. பிரேக் லைட் எரிஞ்சதும், நாம வச்ச அளவுக்கு மெதுவா கரண்டை ஏத்திக்கிட்டே போகும். சிக்னல்ல லேசா மிதிச்சாலும் அதே அளவு, குறுக்க மாடு வந்து ஓங்கி மிதிச்சாலும் அதே அளவு. லேசா மிதிக்கையில டிரெய்லர் பின்னால இருந்து வெடுக்குன்னு இழுக்கும், அவசரத்துல பிடிக்கத் தாமதமாகும். ரெண்டாவது வருசமே கழட்டிட்டேன்.

புரோபோர்ஷனல்ல வண்டி எவ்வளவு சடார்னு வேகம் குறையுதுன்னு உணருற கருவி உள்ளேயே இருக்கு. அந்த அளவுக்குத்தான் கரண்ட் அனுப்பும். நான் டெக்கான்ஷா பிராடிஜி பி3 ஓட்டினேன், பிறகு ரெட்ஆர்க் டோ-புரோ எலைட். பி3ல திரை இருக்கு, எத்தனை வோல்ட் போகுதுன்னு கண்ணால பாக்கலாம். ஆனா அதை வண்டி போற திசைக்கு நேரா, டாஷ்போர்டுக்கு அடியில கெட்டியா மாட்டணும், முழங்காலுக்கு இடம் பாத்துக்கிடுங்க. ரெட்ஆர்க்ல பெட்டியை உள்ளே மறைச்சிடலாம், வெளிய ஒரு திருகு மட்டும்தான் தெரியும். காட்டுப் பாதைக்கு, நாம வச்ச அளவே போற மாதிரி மாத்திக்கிடவும் வழி இருக்கு.

பிராண்டு எதுவானாலும் ஒண்ணை மட்டும் கட்டாயம் பாருங்க: கையால டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கிற கட்டையோ பொத்தானோ உங்க இடது கைக்கு எட்டணும். கியர்ல இருந்து கையை எடுத்தா, கண்ணால தேடாமலே அதுமேல விழணும். பணகுடியில உங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். ஜீப்பை மிதிச்சா ஜீப்பு நிக்கப் பாக்கும், டிரெய்லர் பின்னால இருந்து தள்ளும், ஆட்டம் கூடும். டிரெய்லரை மட்டும் பிடிச்சா, வாலைப் பிடிச்சு இழுத்த மாதிரி நேராகும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க, ஸ்டீயரிங்கை ஒடிக்காதீங்க, கையால மெதுவாப் பிடிங்க. ஆளில்லாத ரோட்டுல சும்மா போகையில நாலஞ்சு தடவை செஞ்சு பழகுங்க. ஆபத்து நேரத்துல யோசிச்சுச் செய்ய முடியாது, கைக்குப் பழகியிருக்கணும்.

மேலச்செவல்காரர்:

நான் கேம்பர் பாத்ததில்ல. மாட்டுவண்டியும் டிராக்டர் டிரெய்லரும் 40 வருசமா பாக்கேன். தம்பி எழுதினதுல அடுப்படி பின்பக்கம், தண்ணித் தொட்டி பின்பக்கம்னு படிச்சதும் எனக்குப் பிரேக் நினைப்பு வரல, பாரம்தான் நினைப்பு வந்தது. எங்க அப்பா வைக்கோல் ஏத்தினா நுகத்தடியைக் கையால தூக்கிப் பாத்துட்டுத்தான் மாட்டைப் பூட்டுவாவ. பின்பாரம் ஆயிட்டா நுகம் மாட்டுக் கழுத்தைத் தூக்கும், வண்டி அலையும். முன்பாரம் கொஞ்சம் இருக்கணும், ரொம்பவும் கூடாது, மாடு தாங்காது.

நீங்க வாழைத்தார் மண்டியில உள்ள தராசைக் கேட்டு வாங்கி, அதுமேல ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கேம்பர் மூக்கை அதுல வச்சு எடை பாருங்க. அதைப் பாக்காம எந்தப் பெட்டி வாங்கியும் பிரயோஜனம் இல்ல.

வள்ளியூர்க்காரர்:

அண்ணாச்சி சொல்லுதது நூத்துக்கு நூறு சரி. எனக்கு முதல்லயே தோணியிருக்கணும். மொத்த எடையில பத்துல ஒரு பங்கு கொக்கியில இறங்கணும்னுதான் அங்கயும் சொல்லுவாங்க. உங்களுக்கு 110 கிலோ.

செங்கோட்டைக்காரர்:

கன்ட்ரோலரே வேண்டாம், டிரெய்லர் முன்னால தள்ளும்போது தானாப் பிடிக்கிற பிரேக் போதும்னு யாராவது சொல்லலாம். வயரிங் கிடையாது, சமதளத்துல நல்லாவும் இருக்கு. நான் அதைப் போட்டு ஆரியங்காவு இறக்கத்துல போனேன். இறக்கம் முழுக்க டிரெய்லர் தள்ளிக்கிட்டேதான் வரும், அதனால விடாமப் பிடிச்சுக்கிட்டே வந்து டிரம் காந்திப்போச்சு. கையால பிடிக்கவும் முடியாது. மேட்டுல ரிவர்ஸ் எடுத்தா பூட்டிக்கிடும், இறங்கிப்போய் தடுப்பைப் போடணும்.

வண்ணார்பேட்டை எலக்ட்ரீசியன்:

அண்ணே, நல்ல கன்ட்ரோலர் வாங்கிட்டு வயர்ல காசை மிச்சம் பிடிக்காதீங்க. டிரம்முக்குள்ள ஒரு காந்தம் இருக்கு. கரண்ட் போனதும் அது சுத்துற டிரம்ல ஒட்டி இழுபடும், அது ஒரு கையை இழுக்கும், பிரேக் ஷூ விரியும். ஒரு காந்தத்துக்குச் சுமார் 3 ஆம்பியர். ரெண்டு சக்கரத்துக்கு 6.

'கன்ட்ரோலர் போயிடுச்சு, பிடிக்கவே இல்ல'ன்னு ஒருத்தர் வண்டியைக் கொண்டுவந்தார். பெட்டி வாசல்ல மீட்டர் வச்சா 12 வோல்ட். டிரம் பக்கத்துல வச்சா ஒன்பதரை. வீட்டு லைட்டுக்குப் போடுற 1 சதுர மில்லிமீட்டர் வயரை, போகவும் வரவுமா 20 மீட்டர் இழுத்திருந்தாங்க. அதுலயே கிட்டத்தட்ட 2 வோல்ட் போயிடும். மிச்சம் போனது எர்த்துல. ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவுல மட்டும் எர்த் வயரை இணைக்காம கொக்கி உருண்டை வழியாவே விட்டிருந்தாங்க, உருண்டை துருப்பிடிச்சுக் கெடந்தது. 4 சதுர மில்லிமீட்டர் போட்டு, எர்த்தைத் தனி வயரா இழுத்தேன். அதே பெட்டிதான், சக்கரம் கல்லு மாதிரி நின்னுச்சு.

கன்ட்ரோலரோட கறுப்பு வயர் நேரா பேட்டரிக்கு, நடுவுல சர்க்யூட் பிரேக்கர் வச்சு. வெள்ளை எர்த். நீலம் டிரெய்லர் பிரேக்குக்கு. சிவப்பு, பெடல் சுவிட்சைத் தாண்டி, மிதிச்சா மட்டும் கரண்ட் வர்ற பக்கத்துல. அதை மாத்திக் கொடுத்துட்டா, மிதிக்காட்டியும் மிதிச்சதாவே பெட்டி நினைச்சுக்கிடும். கேம்பர்ல தனியா சின்ன பேட்டரியும், கயிறு இழுபட்டா பிரேக் விழுற சுவிட்சும் வச்சிடுங்க. உங்க எடைக்குக் கட்டாயமோ இல்லையோ, வைங்க, பின்னால வர்றது யார் வீட்டுப் பிள்ளையோ.

அம்பாசமுத்திரத்துக்காரர்:

ரெண்டு மாசம் ஆச்சு, நடந்ததைச் சொல்லிடுதேன்.

மேலச்செவல் அண்ணாச்சி சொன்னபடி மூக்கை எடை பாத்தேன். 45 கிலோதான்! தொட்டியைக் கழட்டி அச்சுக்கு முன்னால கொண்டுவந்தேன், 105 ஆச்சு. அண்ணாச்சி, உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்.

கன்ட்ரோலர் புரோபோர்ஷனலே வாங்கினேன், பி3. மூலைக்கரைப்பட்டிப் பக்கம் காலைல ஆளில்லாத நேர் ரோட்டுல 40ல போய், கட்டையை முழுசாத் தள்ளிப் பாத்தேன். பெட்டியில பவர் அளவை 5ல வச்சா லேசா இழுத்துச்சு. 7ல சக்கரம் பூட்டி, ரோட்டுல ரெண்டு கறுப்புக் கோடு விழுந்துச்சு. 6ல நிறுத்திட்டேன். சாமான் இல்லாம போகையில இன்னும் குறைக்கணும்னு வள்ளியூர் அண்ணன் போன்ல சொன்னார்.

இப்ப ஒவ்வொரு தடவை கிளம்புறதுக்கு முன்னாலயும் வீட்டுத் தெருவுலயே ஒரு தடவை கட்டையைத் தள்ளிப் பாக்கேன். டாஷ்போர்டு நடுவுக்குச் சாய்ச்சு மாட்டச் சொன்னாங்க வீட்டுல, அப்ப இடது சீட்ல இருந்து அவங்க கைக்கும் எட்டும்னு. வயரிங் செஞ்ச தம்பி, திசை கோணிப்போகும், சாய்க்கக் கூடாதுன்னுட்டார். அதனால நேராவே வச்சு, ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் நாலு விரக்கடை தள்ளி மாட்டியிருக்கு. அவங்களும் கையை நீட்டித் தள்ளிப் பழகிட்டாங்க.