ஒட்டின டப்: பேரிங் போனா மெஷினையே தூக்கிப் போடணுமா?

திருப்புளி

ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின்ல டிரம்மைச் சுத்தித் தண்ணி நிக்கிற வெளி டப் ரெண்டு பாதியா வரும். முன்னாடியெல்லாம் நடுவுல ரப்பர் வளையம் வச்சு, சுத்திவர ஸ்க்ரூ போட்டு மூடுவாங்க. இப்போ நிறைய மாடல்ல ரெண்டு பாதியோட விளிம்பையும் உருக்கி ஒட்டிடறாங்க. உள்ள இருக்கிறது ரெண்டு பேரிங், தண்ணி பேரிங்குக்குப் போகாம தடுக்கிற ஒரு ரப்பர் ஆயில் சீல். மூணுமே தேயற பொருள். ஆனா அந்த மூணை மட்டும் மாத்த வழியில்ல; டப், டிரம், பேரிங் எல்லாம் சேர்ந்த முழு செட்டுதான் கிடைக்கும். கூலியையும் சேர்த்தா புது மெஷினே வாங்கிடலாம்னு கடைக்காரரே சொல்வார். தேயும்னு தெரிஞ்ச பொருளைக் கை போகாத இடத்துல வச்சுப் பூட்டறதுக்குப் பேரு டிசைனா? மறுக்கறவங்க காரணம் சொல்லி மறுங்க, "கம்பெனிக்குத் தெரியாதா"ன்னு மட்டும் வேண்டாம்.

கணக்கன்

காரணத்தோடு மறுக்கிறேன். டிரம்முக்குள் துணி ஒரு பக்கமாக ஒதுங்கி 300 கிராம் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று வையுங்கள். ஆரம் 24 செ.மீ. பிழியும்போது 1400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1400 சுற்று) அந்த 300 கிராம் வெளியே இழுக்கும் விசை சுமார் 1550 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 158 கிலோ எடை. அது ஒரு வினாடிக்கு 23 தடவை திசை சுற்றுகிறது. பிளாஸ்டிக்கில் ஏற்றிய ஸ்க்ரூ இந்த அதிர்வில் காலப்போக்கில் பிடி தளரும். ஸ்க்ரூக்களுக்கு இடையில் விளிம்பு வாய் திறக்கும், ரப்பர் வளையம் ஒரு இடத்தில் கசிந்தாலும் தண்ணீர் மோட்டார் மேல்தான் சொட்டும். உருக்கி ஒட்டிய டப்பில் விளிம்பு முழுவதும் ஒரே உடம்பு. விறைப்பு கூடும், கசிவு குறையும். செலவும் குறைகிறது என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை.

அச்சாணி

> 1400 ஆர்பிஎம்மில் சுமார் 1550 நியூட்டன்

இந்த 1400 யார் கேட்டது? பழைய மெஷின் 600, 800ல சுத்துச்சு. கார்பன் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார், எலக்ட்ரானிக் போர்டுக்குப் பதிலா பல்சக்கர டைமர். இருபது வருஷம் ஓடினதெல்லாம் இன்னும் ஓடிட்டு இருக்கு.

கணக்கன்

இன்னும் ஓடுவதைத்தான் நாம் பார்க்கிறோம். அதே ஆண்டு வாங்கி ஐந்தாம் ஆண்டில் பழைய இரும்புக்குப் போனவை கண்ணில் படாது, அவற்றைப் பற்றி யாரும் பெருமையாக எழுதவும் மாட்டார்கள். தண்ணீரையும் கணக்கில் சேருங்கள். அந்தக் காலத்து மெஷின்களில் பல ஒரு சலவைக்கு 100 லிட்டருக்கு மேல் குடித்தன. இன்று அதில் பாதி போதும்.

ஆனால் வேகத்தைப் பற்றிச் சொன்னது சரி. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 1400ஐ 1000 ஆக்கினால் விசை கிட்டத்தட்ட பாதி. பேரிங் ஆயுளோ விசையின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதம். பால் பேரிங்குக்கு எல்லா கேட்டலாக்கிலும் இருக்கும் சூத்திரம் இதுதான்: சுமைத்திறனை உண்மைச் சுமையால் வகுத்து, வரும் எண்ணின் மூன்றாம் படியை எடுத்தால், பத்து லட்சம் சுற்றுகளில் ஆயுள் வரும். ஆக 1400க்குப் பதில் 1000ல் பிழிந்தால் பேரிங் தாங்கும் சுற்றுகள் ஏழரை மடங்கு. துணியில் மிஞ்சும் ஈரம் சுமார் 50 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்தை ஒட்டி வரும், அவ்வளவுதான் இழப்பு. 1400 என்று பட்டனில் இருப்பதால் தினமும் அதை அழுத்தவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

பேரிங் அளவும் அப்படித்தான். 6205 என்ற நம்பர் கொண்ட பேரிங்கின் சுமைத்திறன் சுமார் 14 கிலோ நியூட்டன், 6206க்குச் சுமார் 19.5. ஒரே சுமைக்கு 6206 ஏறத்தாழ 2.7 மடங்கு உழைக்கும். வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி "டப் ஒட்டினதா" என்பதல்ல, "டிரம் பக்க பேரிங் நம்பர் என்ன" என்பது.

கிரீஸ்டப்பா

கணக்கன் சார், சூத்திரம் தப்பில்ல. ஆனா அது சுமை தாங்கித் தாங்கி உலோகம் களைச்சு சாகிற பேரிங்குக்கு. வாஷிங் மெஷின்ல இருந்து கழட்டின பேரிங்கைத் துடைச்சுப் பாருங்க. களைச்சுச் செத்ததுன்னா ஓடுபாதையில செதில் செதிலா பேத்துக்கிட்டு, பள்ளம் பளபளன்னு இருக்கும், கிரீஸ் கறுப்பா மிச்சமும் இருக்கும். இதுல வர்றது அப்படி இல்ல. கிரீஸே இருக்காது, காபி நிறத்துல குழம்பு, பந்தெல்லாம் துரு புள்ளி. அது சுமையால வந்த சாவு இல்ல, தண்ணியால வந்தது.

நடக்கிற வரிசை இதுதான். முதல்ல சீலோட உதடு தேயும், இல்ல சூட்டுல விறைக்கும். சோப்புத் தண்ணி சொட்டுச் சொட்டா டிரம் பக்கத்துப் பெரிய பேரிங்குக்குள்ள போகும். சோப்புக்கு வேலையே எண்ணெயை எடுக்கிறது, கிரீஸை விட்டுவைக்குமா? அப்புறம் துரு. ஸ்பின்ல மட்டும் முதல்ல லேசா உறுமல் கேக்கும், போகப்போக விமானம் கிளம்பற மாதிரி ஆயிடும். பின் பலகையைக் கழட்டினா புல்லிக்குப் பின்னால டப் மேல துருத்தண்ணி ஓடின கறை தெரியும். அந்தக் கறை இருந்தா சந்தேகமே வேண்டாம், சீல் போயிடுச்சு. 6206 போட்டாலும் 6306 போட்டாலும் சீல் ஒழுகினா ரெண்டும் ஒண்ணுதான்.

திருப்புளி

அப்போ நான் சொன்னதுக்குத்தான் பலம். பேரிங்குக்குக் கணக்குப் போட்டு வச்சிருக்கீங்க, அதைச் சாகடிக்கிறது ஒரு ரப்பர் சீல். மெஷின்லயே மலிவான பொருள்ல ஒண்ணு. அதை மாத்தத்தான் வழி அடைச்சிருக்கு.

கணக்கன்

சீல்தான் முதல் குற்றவாளி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீலும் சும்மா சாவதில்லை. எப்போதும் குளிர்ந்த தண்ணீர், அளவுக்கு மேல் திரவ சோப்பு, அதன்மேல் சாஃப்ட்னர். இந்த மூன்றும் சேர்ந்தால் டிரம்முக்குப் பின்னால் கொழகொழப்பான படிவு கட்டும். உப்புத் தண்ணீராக இருந்தால் அதில் சுண்ணாம்புத் துகளும் சேரும். சீல் உதட்டுக்கடியில் அது உப்புத்தாள் வேலை பார்க்கும். டிரம்மைத் தாங்கும் மூன்று கை ஸ்பைடர் அலுமினிய வார்ப்பு, டிரம்மோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரு உலோகம் தொட்டுக்கொண்டு, நடுவே காரத்தன்மையுள்ள ஈரப் படிவும் இருந்தால் அரிப்பு அலுமினியத்தின் பக்கம்தான் போகும். மாதம் ஒருமுறை துணி இல்லாமல், பவுடர் போட்டு 60 டிகிரிக்கு மேல் ஓட்டினால் படிவு கரையும். கதவைத் திறந்தே வைத்தால் உள்ளே காயும். குளோரின் பிளீச்சை அதில் ஊற்றவே கூடாது. இதில் எதையும் செய்யாமல் டப்பைக் குறை சொல்வது பாதி நியாயம்தான்.

அச்சாணி

மாதம் ஒருமுறை மெஷினுக்கு மெஷினே குளிக்கணும், கதவு திறந்திருக்கணும், சோப்பு குறைச்சுப் போடணும், 1000க்கு மேல போகக்கூடாது. இவ்வளவு பத்தியம் இருந்தா எதுதான் உழைக்காது?

மின்தேக்கி

பேரிங் வரைக்கும் போகாமலே செத்துப்போகும் மெஷின்களும் உண்டு என்பதை யாரும் பேசவில்லை. போர்டில் இருக்கும் சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். மேலே "105 டிகிரி" என்று அச்சடித்திருக்கும், டேட்டாஷீட்டில் 2000 மணி நேரம் என்று இருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது இந்தத் துறையின் கைக்கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி நேரம், 45 டிகிரியில் 1,28,000. முதலாவது மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல், இரண்டாவது பதினாலரை வருடம். மெஷின் ஓடாதபோதும் ஸ்டாண்ட்பை சப்ளை ஓடிக்கொண்டே இருப்பதால் இந்த மணி நேரமெல்லாம் காலண்டர் மணி நேரம்தான். சலவை முடிந்ததும் சுவிட்சை அணைத்தால் அதில் பெரும்பங்கு மிச்சம்.

டிஸ்பிளே மங்கித் துடித்தால், பட்டனை அழுத்தியதும் ரிலே படபடத்து அடங்கினால், போர்டையே மாற்றுவதற்கு முன் சப்ளை பகுதியின் கெப்பாசிட்டர்களைச் சோதியுங்கள். மாற்றும்போது அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி, 5000 மணி நேரத்துக்குக் குறையாதது. ஆனால் பல போர்டுகள் மேல் ஈரம் படாமல் இருக்கப் பசை ஊற்றியிருப்பார்கள். அதைச் சுரண்டித்தான் ஆகவேண்டும்.

திருப்புளி

பாருங்க, அங்கயும் பசை!

மின்தேக்கி

அந்தப் பசை இல்லாவிட்டால் நீராவியில் போர்டின் செம்பு டிராக் அரித்து முன்னாடியே போகும். அதைத் தந்திரம் என்று சொல்ல முடியாது.

திருப்புளி

சரி, அதை விடுங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 2021 மார்ச்ல இருந்து விதி நடைமுறையில இருக்கு. ஒரு மாடலோட கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 வருஷம் உதிரி பாகம் கொடுக்கணும், ஆர்டர் வந்து 15 வேலை நாளுக்குள்ள அனுப்பணும். டிரம், ஸ்பைடர், பேரிங் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. முடியாத காரியம்னா சட்டமா எழுதியிருப்பாங்களா?

கணக்கன்

பட்டியலில் அந்த வரியை முழுதாகப் படியுங்கள். டிரம், ஸ்பைடர், பேரிங் மூன்றையும் "தனித்தனியாகவோ, சேர்த்தோ" கொடுக்கலாம் என்று இருக்கிறது. முழு செட்டாக விற்றாலும் விதி மீறல் ஆகாது. அதுவும் தொழில்முறைப் பழுதுபார்ப்பவருக்குத்தான். வீட்டுக்காரருக்கு நேரடியாகக் கிடைப்பது கதவு, கீல், கதவுப் பூட்டு, சீல்கள், சோப்புப் பெட்டி போன்றவை.

திருப்புளி

அந்த "சேர்த்தோ"வைத்தான் நான் ஆரம்பத்துல இருந்து சொல்லிட்டிருக்கேன்.

கிரீஸ்டப்பா

சட்டம் வர்ற வரைக்கும் ரம்பம் இருக்கு. ஒட்டின டப்பைத் திறக்க முடியாதுன்னு யார் சொன்னது?

மின்சாரத்தைக் கழட்டிட்டு பெல்ட், புல்லி, மோட்டார், ஹீட்டர், வெயிட் கல், ஷாக் அப்சார்பர், ஹோஸ் எல்லாம் எடுத்து டப்பை வெளிய கொண்டு வாங்க. புல்லி போல்ட்டுல லாக் பசை இருக்கும், கொஞ்சம் சூடு காட்டினா விடும். இப்போ முக்கியமான விஷயம்: வெட்டறதுக்கு முன்னாடியே விளிம்பு முழுக்க 5, 6 செ.மீ.க்கு ஒண்ணா போல்ட் ஓட்டை போட்டுடுங்க. வெட்டினப்புறம் போட்டா ரெண்டு பாதியும் நேரா உக்காராது. ஒட்டு வரி மேலயே மெல்லிய ஹாக்ஸா பிளேடால அறுங்க. கிரைண்டர் வச்சா பிளாஸ்டிக் உருகும், வெட்டும் அகலமாகும்.

ஷாஃப்ட் நுனியில மரக்கட்டை வச்சுத் தட்டி டிரம்மை வெளிய எடுங்க. சீலை நெம்பி எடுத்ததும் முதல்ல பாக்க வேண்டியது பேரிங் இல்ல, ஷாஃப்ட்ல சீல் உதடு உரசற வளையம். நகத்தால தடவினா பள்ளம் மாட்டுச்சுன்னா அந்த வளையத்தையும் மாத்தணும். பள்ளத்து மேல புது சீல் போட்டா சில மாசத்துல மறுபடி ஒழுகும், பழி பேரிங் மேல விழும்.

பழைய பேரிங்கை உள் பக்கத்துல இருந்து எதிரெதிரா மாத்தி மாத்தித் தட்டி எடுங்க. புதுசை அடிக்கும்போது வெளி வளையத்துல மட்டும் அடி விழணும். உள் வளையத்துல அடிச்சா பந்து பாதையில தழும்பு விழும், முதல் நாளே சத்தம் வரும். ஃப்ரீசர்ல ஒரு மணி நேரம் வச்சு எடுத்தா சுலபமா இறங்கும். தகரமூடிக்குப் பதிலா ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கிற டூஆர்எஸ் (2RS) பேரிங் வாங்குங்க. சீல் கடைசியா, ரெண்டு உதட்டுக்கு நடுவுல தண்ணிக்குக் கரையாத கிரீஸ் நிரப்பி.

டப் பாலிபுரொப்பிலீன். அதுல சிலிக்கான் ஒட்டாது, நெருக்கமான போல்ட் அழுத்தத்துலதான் கேஸ்கெட்டா வேலை செய்யும். அதனாலதான் 5, 6 செ.மீ.ன்னு சொன்னது. புளிச்ச வாடை அடிக்காத நியூட்ரல் சிலிக்கான், ஸ்டெயின்லெஸ் போல்ட், லாக் நட். ஒரு நாள் காய விட்டுட்டு முதல் ஓட்டத்தை ரின்ஸ்ல மட்டும், பின் பலகை இல்லாம பாருங்க.

கணக்கன்

வேலை சுத்தமாக விவரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ரம்பம் எடுத்துக்கொண்ட ஒரு மில்லிமீட்டரும், விளிம்பில் போட்ட ஓட்டைகளும் தொழிற்சாலை சோதித்த டப்பில் இல்லை. அப்படித் திறந்த மெஷினை 1400ல் ஓட்டுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1000தான் உச்சம்.

கிரீஸ்டப்பா

அதுல சண்டையே இல்ல. 800 போதும்.

அச்சாணி

இவ்வளவும் கழட்டி, அறுத்து, கடைசியில ஸ்பைடர் கை உடைஞ்சு கிடந்தா?

கிரீஸ்டப்பா

அறுக்காமலே தெரிஞ்சுக்கலாம். பின் பலகையை எடுத்துட்டு, ஒரு ஆள் முன்னாடி டிரம் விளிம்பைப் பிடிச்சு மேல கீழ ஆட்டணும், இன்னொரு ஆள் புல்லியைப் பாக்கணும். டிரம் ஆடும்போது புல்லியும் கூடவே ஆடினா பேரிங். புல்லி அசையாம டிரம் மட்டும் ஆடினா ஸ்பைடர். கையால மெதுவா சுத்தும்போது ஒரு சுத்துக்கு ஒருமுறை டிரம் விளிம்பு முன்ன வந்து பின்ன போனாலும் அதேதான். ஸ்பைடர் தனியாக் கிடைக்கிற மாடலான்னு விசாரிச்சுட்டு அப்புறம் ரம்பத்தைத் தொடுங்க. டிரம்மோட சேத்துதான் தருவேன்னா, அப்போ திருப்புளி சொன்ன கணக்குதான்.