இரண்டரை வயது மகளுக்குப் பசும்பால் ஒவ்வாமை: மாற்று வேண்டும்

வணக்கம். ஊர் தஞ்சாவூர். தாய்ப்பாலை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது; அன்றிலிருந்து மகளுக்கு என்ன குடிக்கக் கொடுப்பது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

எட்டாம் மாதத்தில் பால்சாதம் இரண்டு வாய்தான் ஊட்டினோம். பத்து நிமிடத்துக்குள் முகமெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி. இரத்தப் பரிசோதனையில் கேசீன் என்ற பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. ஆறு மாதம் முன்பு உறவினர் வீட்டில் யாரோ கொடுத்த பிஸ்கட்டில் பால் பவுடர் இருந்திருக்கிறது. மறுபடியும் அதே கதிதான். அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை.

லாக்டோஸ் நீக்கிய பால் வாங்கி வந்தேன். அதில் சர்க்கரைதான் மாறுகிறது, புரதம் அப்படியே இருக்கிறது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். மாமியார் ஆட்டுப்பால் கொடுக்கச் சொன்னார். அதன் புரதமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதுவும் கூடாதாம். தயிர், மோர், நெய் எதுவும் கிடையாது. சோயா பால் ஒத்துக்கொள்கிறது, ஆனால் வாடை பிடிக்காமல் துப்பிவிடுகிறாள். தேங்காய்ப்பாலை விரும்பிக் குடிக்கிறாள், அதில் கால்சியம் மிகக் குறைவு. காலையில் கேழ்வரகுக் கூழ் மட்டும் தவறாமல் உள்ளே போகிறது.

இதே ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்களே, சோயா பாலின் வாடை தெரியாமல் இந்த வயதுக் குழந்தையை எப்படிக் குடிக்க வைத்தீர்கள்?