நட்சத்திரம் எடுக்க 120 ஃபிலிம் கேமரா: மூன்றில் எது?

அம்மாபேட்டை_விடிவெள்ளி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டை, எங்களுக்குத் தறிப்பட்டறை. பகல் முழுக்க அந்தச் சத்தத்திலேயே இருக்கிறதால, நிலா இல்லாத ராத்திரி மாசத்துக்கு ஒண்ணாவது ஏற்காடு ஏறிடுவேன். மூணு வருஷமா டிஜிட்டல்லதான் வானம் எடுக்கிறேன்.

போன தை மாசம் மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது தோல் உறையோட ஒரு யாஷிகா மேட் 124 ஜி கிடைச்சுது. ஷட்டர் ஓடுச்சு. எச்பி5ங்கிற கறுப்பு வெள்ளை 120 ஃபிலிம் ஒரு ரோல் போட்டு, பகோடா பாயின்ட் பக்கம் ட்ரைபாட்ல வெச்சு, ஓரியனை ரெண்டு ரெண்டு நிமிஷம் எடுத்தேன். நெகடிவை ஜன்னல்ல பிடிச்சுப் பார்த்தா இடுப்புப் பட்டையில மூணு சின்னக் கோடு, அதுக்குக் கீழ ஒரு பொட்டுப் புகை. அந்த ஆறு சென்டிமீட்டர் சதுரத்தைக் கையில பிடிச்சதுலிருந்து டிஜிட்டல் பக்கம் மனசு போகமாட்டேங்குது.

இப்ப மூணு பழைய கேமரா பேச்சுல இருக்கு. பென்டாக்ஸ் 6×7, 105 மி.மீ. எஃப் 2.4 லென்ஸோட. மாமியா ஆர்பி67, 127 மி.மீ. எஃப் 3.8. பென்டகன் சிக்ஸ், 180 மி.மீ. எஃப் 2.8 ஸோன்னார். காசு ஒண்ணுக்குத்தான் இருக்கு. வானத்தோட சேர்ந்து திரும்புற டிராக்கரும் இன்னும் வாங்கலை, அதையும் இதுக்குள்ளதான் பார்க்கணும். எதை எடுக்கலாம், எந்த ஃபிலிம் போடலாம்னு அனுபவப்பட்டவங்க சொன்னா நல்லாருக்கும்.

இருட்டறை எழுதியது:

தம்பி, நான் செவ்வாய்ப்பேட்டையில் 26 வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாணம் எல்லாம் உங்கள் யாஷிகா போன்ற ட்வின் லென்ஸ் கேமராவில்தான். ஊட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த இந்து 120 ரோலை டஜன் கணக்கில் அடுக்கி வைத்திருப்போம். 1986 ஏப்ரலில் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது எனக்கு 19 வயது. முதலாளியிடம் கெஞ்சி ட்வின் லென்ஸை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஏற்காடு போனேன். கிடைத்தது ஒரு மங்கிய பஞ்சு. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நட்சத்திரத்துக்கு கேமரா பார்க்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஷட்டர் இருபது நிமிடம் திறந்து நிற்க எது செலவாகிறது? பழைய பென்டாக்ஸ் 6×7இல் ஷட்டரைத் திறந்து பிடித்திருப்பது மின்காந்தம். 'பி'யில், அதாவது அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் அமைப்பில், வைத்திருக்கும் நேரம் முழுவதும் 6 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். 90களில் நான் வைத்திருந்த ஒரு எலக்ட்ரானிக் ஷட்டர் கேமரா சேர்வராயன் கோயில் மேட்டில், மார்கழிக் குளிரில், மூன்றாவது படத்தோடு நின்றுவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு பேட்டரியை எங்கே தேடுவது? உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தலைக்கு மேலே அவ்வளவு வானம். அன்று அழாத குறை.

பென்டாக்ஸை மட்டம் சொல்லவில்லை. ஃபிலிமில் வானம் எடுத்தவர்கள் பலர் விரும்பிய கேமரா அதுதான். காரணம் அதன் லென்ஸ் வரிசை: 165 எஃப் 2.8, 300 எஃப் 4, 400 எஃப் 4. அதை வாங்கினால், கேமரா ஆடாமலிருக்க உள்ளே இருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 1976க்கு முந்தைய பாடிகளில் அது கிடையாது. 105 லென்ஸை முழுசாகத் திறந்தால் மூலை நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்கும், எஃப் 4க்கு இறக்கிவிடுங்கள்.

நான் எடுக்கச் சொல்வது ஆர்பி67. பேட்டரியே கிடையாது, எல்லாம் ஸ்பிரிங். லென்ஸில் 'டி' என்று ஓர் அமைப்பு இருக்கும். 'டி'யில் வைத்து அழுத்தினால் ஷட்டர் திறந்து அப்படியே நிற்கும். மூட லென்ஸைக் கையால் தொட வேண்டும், அப்போது கேமரா ஆடும். அதனால் கறுப்பு அட்டை ஒன்றை லென்ஸுக்கு முன்னால், தொடாமல், பிடித்துக்கொண்டு ஷட்டரைத் திறங்கள். ஐந்து எண்ணி அட்டையை எடுங்கள். முடிந்ததும் முதலில் அட்டையால் மறையுங்கள், பிறகு ஷட்டரை மூடுங்கள். என் அட்டை கல்யாண ஆல்பத்தின் உள்தாள், முப்பது வருடமாக அதேதான்.

ஃபிலிம். எச்பி5 கண்ணுக்கு நல்லது, நீண்ட நேரத்துக்குச் சோம்பேறி: நேரம் நீள நீள வெளிச்சத்தை வாங்கும் வேகம் குறையும். இல்ஃபோர்டு தரும் கணக்கு, நேரத்தை 1.31 அடுக்குக்கு உயர்த்துவது. 100 விநாடி தேவை என்றால் கொடுக்க வேண்டியது சுமார் 417. பத்து நிமிடம் வேண்டிய இடத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஃபியூஜி ஆக்ரோஸ் 100 இந்த விஷயத்தில் தங்கம்: இரண்டு நிமிடம் வரை திருத்தமே வேண்டாம், ஆயிரம் விநாடி வரை அரை ஸ்டாப் போதும் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). ஆனால் சிவப்புக்கு அதன் கண் மந்தம். ஹைட்ரஜன் மேகங்களின் 656 நானோமீட்டர் சிவப்பு அதில் விழாது. நட்சத்திரக் கூட்டத்துக்கும் பால்வெளிக்கும் ஆக்ரோஸ், கலரில் வேண்டுமென்றால் ப்ரோவியா 100 எஃப்.

ஓமலூர்_கணக்கு_டீச்சர் எழுதியது:

ஐயா சொன்ன ஷட்டர் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தம்பி, இந்த வருடம் கேமராவே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் யாஷிகாவிலும் பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தானே, ஷட்டர் முழு மெக்கானிக்கல். உங்களிடம் இல்லாதது டிராக்கர்.

உங்கள் நெகடிவையே கணக்குப் போடுவோம். வானம் மணிக்கு 15 டிகிரி திரும்புகிறது, இரண்டு நிமிடத்தில் அரை டிகிரி. 80 மி.மீ. லென்ஸில் அது ஃபிலிமில் 0.7 மி.மீ. கோடு. புள்ளியாகத் தெரிய வேண்டுமென்றால் 0.03க்குள் இருக்க வேண்டும், அதாவது ஐந்து விநாடி. 127 லென்ஸுக்கு மூன்று விநாடிதான். எவ்வளவு பெரிய கேமராவானாலும் ட்ரைபாடில் நிற்கும்வரை இதுதான் கதி.

என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நான் செய்தது இது. ஒரு கதவுக் கீல், இரண்டு ப்ளைவுட் பலகை, எம்6 மரைக் கம்பி. அந்த மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். கீலின் நடுவிலிருந்து கம்பி 228.5 மி.மீ. தள்ளி நின்றால், நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் சின்ன மோட்டார் போதும், மேல் பலகை வானத்தின் வேகத்தில் திறக்கும். முதல் தடவை 230இல் துளை போட்டுவிட்டு ஒரு ஞாயிறு முழுக்க மறுபடி அளந்தோம். நேர்க்கம்பி என்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் நம்ப வேண்டாம். யாஷிகா எடைக்கு இது தாங்கும். ஆர்பி67 லென்ஸோடு இரண்டரை கிலோவுக்கு மேல், அதற்குக் கடையில் விற்கும் டிராக்கர்தான் வேண்டும். வாங்கினால் தாங்கும் எடையில் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

கீலின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். ஏற்காட்டின் அட்சரேகை 11.8 டிகிரி, துருவமும் அவ்வளவு உயரம்தான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் பத்து டிகிரி, அதற்கு மேல் ஒரு விரல். அதனால் வடக்கே மரமோ பாறையோ இல்லாத இடமாகப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

அப்புறமும் கேமரா வேண்டும் என்றால் என் ஓட்டு பென்டகனோடு வரும் ஸோன்னாருக்கு. நட்சத்திரம் புள்ளி, அதற்கு லென்ஸ் வாயின் அகலம்தான் கணக்கு. 180ஐ 2.8ஆல் வகுத்தால் 64 மி.மீ. ஆர்பியின் 127க்கு 33தான். ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சம். அந்த லென்ஸைச் செய்த ஜெர்மனியின் ஜெனா ஊர் ஸைஸ் கம்பெனிதான், ஜவ்வாது மலை காவலூரில் 1972இல் வைத்த 1 மீட்டர் தொலைநோக்கியையும் செய்தது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அதிலும் பார்த்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது இதைச் சொன்னேன், ஒருத்தி அதன் அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காப்பித்தோட்டம் எழுதியது:

கேமரா பற்றி எனக்குத் தெரியாது, ஃபிலிமும் இடமும் தெரியும். சேலம் ஏற்காட்டுக்குத் தெற்கே இருக்கிறது. லேடீஸ் சீட்டில் நின்றால் ஊர் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். அகத்தியர் நட்சத்திரமும் தெற்குச் சிலுவையும் அந்த வெளிச்சத்துக்கு மேலேதான் வரும். தெற்கு வேண்டுமென்றால் வேறு மலை பாருங்கள். இங்கே கார்த்திகை, ரோகிணி, ஓரியன் என்று உச்சிக்கு வருவதை எடுங்கள். தை, மாசி நல்லது.

பனி விழும் ராத்திரியில் 120 ஃபிலிம் ஈரத்தை வாங்கி நடுவில் உப்பும். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அசைந்து, நட்சத்திரம் இரட்டையாக விழும். முன்கூட்டியே சுற்றி வைக்காமல் எடுப்பதற்குச் சற்று முன் சுற்றுங்கள். லென்ஸைச் சுற்றி ஒரு கம்பளித் துண்டு. காட்டெருமை நடமாட்டம் உண்டு, தனியாக வராதீர்கள்.

அம்மாபேட்டை_விடிவெள்ளி எழுதியது:

டீச்சர், கணக்கைப் படிச்சதும் நெகடிவை எடுத்து ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன். முக்காலுக்கு ஒரு இழை குறைவு. அப்படியே இருக்குங்க.

முடிவு பண்ணிட்டேன். மாசி அமாவாசை வரைக்கும் யாஷிகாவும் பலகையும்தான். எம்6 கம்பி வாங்கியாச்சு, பட்டறை ஃபிட்டர் அண்ணன் துளை போட்டுத் தர்றேன்னார். அதுல பத்து நிமிஷம் புள்ளியா வந்தா, அப்புறம் ஆர்பி67. பென்டகன்ல படம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுன்னு விக்கிறவரே ஒத்துக்கிட்டார், ஒரு ரோல்ல பன்னெண்டே படம் இருக்கையில அது எனக்குப் பயமா இருக்கு. ஐயா, யாஷிகாவுல இன்ஃபினிட்டி சரியா நிக்குதான்னு எப்படிப் பார்க்கிறதுங்க?

இருட்டறை எழுதியது:

பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் மங்கலான ஒட்டுநாடாவை இறுக்கமாக ஒட்டுங்கள். லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளை அதில் விழவைத்து, லூப்பை, அதாவது சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை, வைத்துப் பாருங்கள். விளக்கு ஊசிமுனையாக நிற்கும் இடத்தில் குமிழில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நாம் பார்ப்பதற்கு மேலே இருக்கும் லென்ஸை நம்பாதீர்கள், படம் எடுப்பது கீழே இருக்கும் லென்ஸ்; இரண்டுக்கும் இசைவு விட்டுப்போன கேமராக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஒவ்வொரு ரோலிலும் முதல் படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிடுங்கள். வான நெகடிவில் படத்தின் விளிம்பு தெரியாது. வெளியூரில் ஒரு லேபுக்கு அனுப்பினேன், எங்கே வெட்டுவது என்று தெரியாமல் திருவாதிரைக்கும் பட்டைக்கும் நடுவில் கத்தரி போட்டு அனுப்பினார்கள். அதிலிருந்து உறையின் மேல் சிவப்பு மையில் 'வெட்ட வேண்டாம்' என்று எழுதித்தான் கொடுக்கிறேன். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி, டாங்க் ஒன்று என்னிடம் சும்மா இருக்கிறது, வந்து எடுத்துப் போங்கள்.