அம்மாவின் மறைவுக்குப் பின் யாரோடும் பழகாத அப்பா

கேள்வி:
அப்பாவுக்கு 71 வயது. உறவினர், அக்கம்பக்கத்தார் எல்லோரோடும் பழக்கத்தைக் காத்துவந்தவர் அம்மாதான். அவர் காலமான பிறகு அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது. முதியோர் சங்கத்தில் சேரச் சொன்னால், "அங்கே போய் என்ன பேசுவது?" என்கிறார். முன்பு இல்லாத எரிச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்துள்ளன. வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

பதில் 1:
விட்டுவிடாதீர்கள். ஆண்களின் மனச்சோர்வு பல நேரங்களில் அழுகையாக அன்றி எரிச்சல், உடல்வலி, தூக்கக் குறைவு, மிகுதியான மது என்றே வெளிப்படுவதால், வீட்டார் அதைக் குணக்கேடு என்று எண்ணிவிடுகிறார்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இருந்து என்ன பயன் என்பது போன்ற பேச்சு வந்தால், ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

பதில் 2:
உடல் சார்ந்த காரணங்களையும் பாருங்கள். புராஸ்டேட் சுரப்பி வீங்கி, சிறுநீரை அடக்க முடியாமல் போகும் முதியவர், கழிப்பறை எங்கே இருக்கும் என்று தெரியாத இடத்துக்குப் போகவே தயங்குவார். காரணத்தை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். காதும் அப்படித்தான். நால்வர் பேசும் இடத்தில் பாதி கேட்காமல், மற்றவர்கள் சிரிக்கும்போது தாமும் சிரித்துவைப்பது எவருக்கும் அலுத்துப்போகும். கேட்கும் திறன் குறைவதை, மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017, 2020, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளிலும் குறிப்பிட்டிருக்கிறது.

பதில் 3:
'சங்கத்தில் சேருங்கள்' என்ற அழைப்பே பலரை விரட்டிவிடும் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவில் 1990களில் தோன்றி, அயர்லாந்து, பிரிட்டன் முதலிய நாடுகளுக்கும் பரவிய 'மென்ஸ் ஷெட்' பட்டறைகளில், ஆண்கள் ஒன்றுகூடி மரவேலையும் பழுதுநீக்கமும் செய்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசச் சொன்னால் வாய் திறக்காதவர்கூட, பக்கத்தில் நின்று பலகையை இழைக்கும்போது தம் உடல்நிலையைப் பற்றித் தாமாகவே பேசிவிடுவார். உங்கள் அப்பாவின் கைத்தொழில் என்ன? அதில் அவரிடம் உதவி கேட்டு யாராவது வரட்டும். உபசாரத்துக்காகக் கேட்பது என்றால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி கேட்டவர்:
தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டித்தான் வைக்கிறார். கடிகாரம் பழுதுபார்ப்பதில் கைதேர்ந்தவர். காதுப் பரிசோதனைக்கு முதலில் ஏற்பாடு செய்கிறேன்.

பதில் 2:
நல்லது. காது கேட்கும் கருவி தேவைப்பட்டால், அது பழகச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் இரைச்சலாகவே தோன்றும். அதுவரை கூட்டமான இடங்களைத் தவிர்த்து, கடிகாரத்தோடு ஒருவரை மட்டும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.