முதல் கோர்ஸுக்கு அசையாத எச். பைலோரி: என் இரண்டாவது 14 நாள்

திருச்சிக்காரி:
வயிற்றில் புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்க்க, போன ஆவணியில் எண்டோஸ்கோபி செய்தார்கள். வயிற்றில் கிள்ளி எடுத்த துணுக்கை மஞ்சள் ஜெல்லில் போட்டார் நர்ஸ். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் ஜெல் ரோஸ் நிறமாகியிருந்தது. கிருமி இருக்கிறது என்று அர்த்தமாம். அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் என்று இரண்டு ஆன்டிபயாடிக், அமிலம் குறைக்க பான்டோப்ரசோல் என்று 14 நாள். ஒரு வேளைகூட விடவில்லை. ஆனாலும் ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் கிருமி அப்படியே இருந்தது.

"மாத்திரையை ஒழுங்கா போட்டியா?" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் மட்டும், "இருமல் சளிக்கு வழக்கமா என்னம்மா போடுவீங்க?" என்றார். மழைக்காலம் வந்தால் தெருமுனை மெடிக்கலில் சீட்டே இல்லாமல் அசித்ரோமைசின் அட்டை வாங்குவேன். அதுவும் கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பமாம். ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் அடங்காதாம். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு முன்பு ஏதோ ஃப்ளாக்சசின் போட்டதையும் சொன்னேன். அதே குடும்பத்து லெவோஃப்ளாக்சசினையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை. மறுபடி 14 நாள், தினம் நாலு வேளை. டெட்ராசைக்ளினுக்கு நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் "டாக்ஸி தரேன், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். டாக்டருக்கு போன் போட்டேன். இந்தக் கிருமிக்கு டாக்ஸிசைக்ளின் அவ்வளவு கேட்காது, தேடி வாங்குங்கள் என்றார்.

அப்புறம் அந்த இரண்டு வாரம்! நாக்கு கரிச்சட்டி மாதிரி கறுத்தது. என்ன சாப்பிட்டாலும் வாயில் சில்லறைக் காசை அதக்கிக்கொண்டிருப்பது போல ஒரு ருசி. பால் பட்டால் டெட்ராசைக்ளின் உடம்பில் சேராது என்பதால் காலை காபியை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தேன். எனக்கு அதுதான் பெரிய தண்டனை. படுக்கப் போகும்போது அவசரமாக விழுங்கிப் படுத்ததில் ஒரு மாத்திரை நெஞ்சில் ஒட்டி எரிந்தது. அதற்குப் பிறகு ஒரு தம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முடித்து நாலு வாரத்துக்குப் பிறகுதான் ஊதிப் பார்க்கும் டெஸ்ட். அதற்கு முன் இரண்டு வாரம் பான்டோப்ரசோல் கூடாது, இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடும். நெகட்டிவ் வந்தது.

சேலத்துக்காரன்:
ரத்தத்தில் பார்க்கிறேன் என்று போகாதீர்கள். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி, கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் நிற்கும். எனக்கு அப்படி பாசிட்டிவ் என்று வந்து மூன்றாவது கோர்ஸே ஆரம்பித்திருப்பார்கள். மலப் பரிசோதனையில் ஆன்டிஜன், அதாவது கிருமியின் துணுக்கே இருக்கிறதா என்று பார்த்ததும்தான், கிருமி போய்விட்ட விஷயம் தெரிந்தது. அது ஊதும் டெஸ்ட் இல்லாத ஊருக்குத் தோது.

கடலூர் அக்கா:
எங்கள் அப்பாவுக்கு பிஸ்மத் போட்ட மூன்றாம் நாள் மலம் கறுப்பாகப் போனது. ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடினோம். பிஸ்மத்தால்தான் என்று அனுப்பிவிட்டார்கள். முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று, நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்தால் அது ரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே வரணும் என்றார் அந்த டியூட்டி டாக்டர்.

சேலத்துக்காரன்:
திருச்சி அக்கா, மெட்ரோனிடசோல் நம்ம ஊரில் வயிற்றுப்போக்குக்கு எல்லோரும் போட்டதுதானே, அது எப்படி வேலை செய்தது?

திருச்சிக்காரி:
நானும் அதையேதான் கேட்டேன் தம்பி. டோஸைக் கூட்டி, பிஸ்மத்தும் சேர்த்து முழு 14 நாள் கொடுத்தால் பழகின கிருமியும் பெரும்பாலும் போய்விடும் என்றார். பத்தாம் நாள் குமட்டல் தாங்காமல் நிறுத்தட்டுமா என்று கேட்டபோதும் இதைச் சொல்லித்தான் மறுத்தார். சாப்பிட்ட கையோடு போடச் சொன்னார், கொஞ்சம் அடங்கியது.