கைக்குழந்தையும் நலத்துறையும்: எங்கள் வீட்டில் நடந்தது, உங்கள் வீட்டில் நடந்தது

நாலுமாதக்காரனின் அப்பா

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது. குழந்தைகள் நலத்துறையில் எங்கள் கோப்பை மூடிவிட்டதாகப் போன வாரம்தான் கடிதம் வந்தது, அதனால் இப்போது கொட்டிவிடுகிறேன்.

மகனுக்கு நாலு மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. தடுப்பூசிக்குப் போயிருந்தோம். எடை பார்க்கச் சட்டையைக் கழற்றிய செவிலியர், இரண்டு அக்குளுக்கும் கீழே விலாவோரம் சட்டைப் பொத்தான் அளவில் நாலைந்து நீலத் தடம் இருப்பதைப் பார்த்துவிட்டு, “இது எப்படி வந்தது?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, மனைவிக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதானே சொல்ல முடியும், சொன்னோம். அந்த இடத்தில் அதைவிட மோசமான பதில் வேறு கிடையாது என்று பிறகுதான் புரிந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, முன்பைவிட அன்பாகப் பேச ஆரம்பித்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த அன்புதான்.

ஊசி போடவில்லை, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே உடம்பு முழுக்க எக்ஸ்ரே, ஒவ்வொரு எலும்பாகத் தனித்தனிப் படம். தலைக்கு ஸ்கேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். ரத்தம் எடுத்த இடம் ராத்திரி வரை கசிந்துகொண்டே இருந்தது, பஞ்சு மேல் பஞ்சாக மாற்றிக்கொண்டே இருந்தோம். விடையே அந்தப் பஞ்சில்தான் இருந்திருக்கிறது, அப்போது எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

சாயங்காலம் நலத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எங்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். யார் குளிப்பாட்டுவது, ராத்திரி அழுதால் யார் எழுந்திருப்பது, அழுகை நிற்காதபோது என்ன செய்வீர்கள், கோபம் வந்திருக்கிறதா. வந்திருக்கிறது என்று சொன்னேன். மனைவியும் அதையே சொல்லியிருக்கிறாள். அதை எப்படி எழுதிக்கொண்டார்களோ.

குழந்தையை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்: விசாரணை முடியும்வரை நாங்கள் இருவரும் அவனோடு தனியாக இருக்கக் கூடாது, மூன்றாவது ஆள் ஒருவர் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாமியார் வந்தார். ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுக்க வேண்டுமென்றால் என் மனைவி முதலில் அவள் அம்மாவை எழுப்ப வேண்டும். பாவம் அந்த அம்மா, கண்ணை மூடினால் விதியை மீறியதாகிவிடுமோ என்று பயந்து, தூக்கக் கலக்கத்தில் கண்ணை அகல விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யாரும் பேச மாட்டோம். குழந்தை குடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே. புது விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போகலாம், ஆற ஆரம்பித்த பிறகுதான் தெரியுமாம். ஒன்றும் இல்லை. அதற்குள் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது: ஹீமோஃபீலியா. ரத்தத்தை உறையவைக்கிற எட்டாவது காரணி மிகக் குறைவு. எங்கள் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் கிடையாது. இந்த நோயோடு பிறக்கிறவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இப்படிக் குடும்பத்தில் முன்கதையே இல்லாமல்தான் வருகிறதாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறோம் இல்லையா, அந்த விரல்தடம்தான் அது. அன்றைக்கு ராத்திரி அவன் விலாவில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

பரிசோதனை செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை, செய்யாமல் விட்டிருந்தால் நோயே தெரிந்திருக்காது. முடிவு வந்த பிறகும் மேலதிகாரி கையெழுத்துக்காக ஒன்பது நாள் மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்தார்களே, அதுதான் ஆறவில்லை. ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அப்புறம் அந்தச் செவிலியர். அவர் மேல் இன்னும் கோபம் போகவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

இரவுப்பணி

தம்பி, அந்தச் செவிலியர் நான் இல்லை. ஆனால் அவர் இடத்தில் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

புரளத் தெரியாத, தவழத் தெரியாத குழந்தைக்குத் தானாக அடிபடாது. எங்கள் பாடம் அவ்வளவுதான். ஓடுகிற பிள்ளைக்கு முழங்காலில் நீலம் இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். 2010-இல் ‘டென்-ஃபோர்’ என்று ஒரு விதி வந்தது: நாலு வயதோ அதற்குக் கீழோ உள்ள பிள்ளைக்கு உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கன்றிய தடம் இருந்தாலும் சரி, நாலு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு உடம்பில் எங்கே இருந்தாலும் சரி, காரணம் தெரியும்வரை விடக் கூடாது. காரணம் அடியாகவும் இருக்கலாம், உங்கள் மகனுக்கு வந்தது போல நோயாகவும் இருக்கலாம். சில குழந்தைகளுக்கு இடுப்பிலும் முதுகிலும் பிறவியிலேயே சாம்பல் நீலத்தில் மச்சம் இருக்கும், அதைக் கன்றிய காயம் என்று தவறாக எழுதிவிட்டுத் திருத்தியவர்களும் உண்டு. பிறந்த அன்றே அதைப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள் என்று நான் எல்லாத் தாய்மாரிடமும் சொல்வேன்.

நான் சொல்லாமல் விட்ட ஒரு குழந்தையும் உண்டு. இரண்டு மாதம். கன்னத்தில் சின்னதாக ஒரு நீலம். கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டது என்றார்கள். நல்ல மரியாதையான குடும்பம், அப்பா என்னை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினார். அந்த வயதுக் குழந்தை நகர்ந்துபோய்க் கம்பியில் இடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்கள் சொன்னதையே எழுதினேன். பத்து நாளில் தலைக்குள் ரத்தக் கசிவோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருக்கிறது. பார்வை இல்லை. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், வதைபட்டது உறுதியான 200 கைக்குழந்தைகளில் கால்வாசிக்கு மேல் முன்பே இப்படி ஒரு சின்னக் காயத்தோடு யார் கண்ணிலாவது பட்டிருந்தன. அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கன்னம்தான்.

அதன் பிறகு நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, குழந்தையை மட்டும்தான் பார்க்கிறேன். ஒன்பது நாள் தாமதம் மட்டும் அநியாயம், அதில் உங்கள் பக்கம்தான் நான்.

எதிர்வீடு

முகத்தைப் பார்ப்பதில்லை என்று இவர் சொல்கிறார், நல்லது. ஆனால் வீட்டைப் பார்ப்பார்கள். பெயின்ட் உரிந்த வீட்டுக்கு ஒரு பேச்சு, மாடி வீட்டுக்கு ஒரு பேச்சு. இதை நான் நேரில் பார்த்தவள், ஏனென்றால் புகார் சொன்னதே நான்தான்.

எதிரே ஒரு சின்னப் பெண், துணைக்கு யாரும் இல்லை, கையில் ஆறு வாரக் குழந்தை. முதலில் நன்றாக அழுத குழந்தைதான். போகப் போக அழுகை மெலிந்து, பூனைக்குட்டி சத்தம் மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் உள்ளே போனேன். பால்மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். டப்பாவில் போட்டிருக்கிற அளவு மூன்று கரண்டி, அவள் போட்டது ஒன்று. கரண்டியைத் தட்டித் தட்டி, ஓரத்தில் ஒட்டிய தூளையும் விரலால் வழித்துப் போட்டாள். மாதக் கடைசி வரை டப்பா வர வேண்டுமாம். புட்டியைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கச் சுவர் தெரிகிறது.

தண்ணீர் அதிகமானால் பசி தீராது என்பதோடு போகாது, ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பே வரும். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன்.

முதலில் வந்த அதிகாரி வாசலில் நின்றே “சுத்தம் போதாது” என்று எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைச் சாத்தியிருப்பேன். அடுத்த நாள் வேறொருவர் வந்தார். தரையில் உட்கார்ந்தார், தராசை விரித்தார், டப்பாவைக் கையில் எடுத்து எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்டார். அவ்வளவுதான், அந்தப் பெண் உடைந்துவிட்டாள். குழந்தையை நாலு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள், அவளும் கூடவே இருந்தாள். பிறகு பால்மாவுக்கு மாதாமாதம் ஏற்பாடு, வாரம் ஒருமுறை எடை. பிரிக்கவில்லை. கவனிக்காமல் விடுவது வேறு, கையில் இல்லாமல் திண்டாடுவது வேறு என்று இரண்டாவதாக வந்தவருக்குத் தெரிந்திருந்தது. முதலில் வந்தவரே தொடர்ந்திருந்தால்?

புகார் சொன்னவர் பெயரை அவர்கள் வெளியே விடவில்லை. அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். இன்று வரை என்னோடு பேசுவதில்லை. குழந்தை இப்போது நடக்கிறது, என்னைப் பார்த்தால் சிரிக்கிறது.

பத்துக்கேள்வி

சுருக்கமாகச் சொல்கிறேன், நீளமாகச் சொல்லத் தெம்பில்லை. பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரம் ஒரு தாளைக் கொடுத்தார்கள், பத்துக் கேள்வி. எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-இலிருந்து இருக்கிறதாம். கடைசிக் கேள்வி, உங்களுக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மூன்று முறை ‘இல்லை’ பக்கம் பேனாவைக் கொண்டுபோய்க் கடைசியில் உண்மையை எழுதினேன். குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். அன்றே ஒருவரிடம் பேசவைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், வாரம் இரண்டு முறை ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார். அழுகை இரண்டு வாரத்தில் தொடங்கி, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நாலு மாதத்தில் தணியும் என்று சொன்னதே அவர்தான். தாங்க முடியாவிட்டால் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வா, அழுவதால் குழந்தை செத்துவிடாது, குலுக்கினால் செத்துவிடும் என்றார். இவ்வளவு பச்சையாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. மகள் என்னோடுதான் இருக்கிறாள்.

தற்காலிக அம்மா

நான் வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தைகளை வைத்துக்கொள்கிறவள். பிரிக்காமல் முடிந்த கதைகளாகவே வருகின்றன, பிரித்ததையும் ஒருவர் சொல்லட்டும்.

ராத்திரி பதினொன்றரைக்கு, பிறந்து ஐந்து நாளான ஒருவன் வந்தான். வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், தெரிந்ததையும் இங்கே எழுத மாட்டேன். முதலில் சொந்தக்காரர்களைத் தேடியிருக்கிறார்கள், யாரும் கிடைக்கவில்லை. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களை விடுதியில் போடாமல் குடும்பத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2009-இல் ஐ.நா. வகுத்த நெறிமுறையே இருக்கிறது, அதனால் என் வாசலுக்கு வந்தான். கூட ஒரு பை, அதில் இரண்டு சட்டை, அவன் அம்மா கட்டியிருந்த ஒரு பழைய துணி. அந்தத் துணியைத் துவைத்துவிடாதீர்கள் என்று ஒரு சீட்டு. எழுத்து நடுங்கியிருந்தது.

வாரத்தில் மூன்று நாள் மேற்பார்வையில் சந்திப்பு. ஒரு அறை, ஒரு சோபா, மூலையில் குறிப்பு எழுதுகிற ஆள். அந்தப் பெண் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. அவளுக்கு வேண்டிய சிகிச்சை, வீடு, நீதிமன்றத் தேதி எல்லாம் ஒவ்வொன்றாக இழுத்து ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதம் என்பது பெரியவர்களுக்கு ஒரு வழக்கின் காலம். அவனுக்கு அது முழு ஆயுள், என்னைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தான். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் இருக்கிறது.

திருப்பிக் கொடுத்த அன்று ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். எப்போது பால், எந்தப் பாட்டுக்குத் தூங்குவான், எதற்கு முகம் சுளிப்பான். அவள் அதைத் திறக்கவே இல்லை. “தூங்கும்போது தலையை எந்தப் பக்கம் திருப்புவான்?” என்று என்னைக் கேட்டாள். இடப்பக்கம் என்றேன். தன் இடது தோளில் அவனைச் சாய்த்துக்கொண்டு கிளம்பினாள்.

நாலுமாதக்காரனின் அப்பா

எல்லாவற்றையும் படித்தேன். இரவுப்பணி அக்கா, உங்கள் கன்னத்துக் கதையை மனைவிக்கும் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். விட்டுப்போன தடுப்பூசிக்காக நேற்றுப் போனோம், அதே செவிலியர்தான் இருந்தார். ஹீமோஃபீலியாக் குழந்தைக்கு மெல்லிய ஊசிதான் எடுக்க வேண்டும், குத்திய இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று அவரே படித்து வைத்திருந்தார். யார் பிடிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டார், நான் கடிகாரம் பார்த்தேன். ஐந்து நிமிடம். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.